80 ஃபிரேம் வந்தும் கேம் ஏன் வெட்டுகிறது?

கேள்வி: என் லேப்டாப்பில் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், 60 ஹெர்ட்ஸ் திரை. ஜிடிஏ 5 விளையாடும்போது நொடிக்கு 80 ஃபிரேம் (படம்) வரை போகிறது. காரை வேகமாக ஓட்டினால் சட்டென்று 40-க்கு இறங்கி, வெட்டி வெட்டி ஓடுகிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: கண்ட்ரோல் பேனலைக் கடைசியில் பார்ப்போம். கோளாறு பெரும்பாலும் கேமின் உள்ளேதான் இருக்கும்.

60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும். எனவே 80 என்ற எண்ணால் உங்களுக்குப் பெரிய லாபமில்லை. ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும். நடுவில் ஒன்று 50 மில்லிசெகண்ட் இழுத்தால், சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண்ணுக்கு வெட்டுத் தெரியும்.

காரில் போகும்போது மட்டும் வெட்டுவதுதான் துப்பு. புதுத் தெருக்களின் டெக்ஸ்ச்சர்கள் (சுவர், சாலை மேல் ஒட்டும் படங்கள்) விறுவிறுவென்று வந்து இறங்கும் நேரம் அது. கார்டின் 4 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சம் ரேமுக்குப் போகும். அங்கிருந்து எடுத்துவர நேரமாகும். கிராஃபிக்ஸ் மெனுவின் மேலே வீடியோ மெமரி எவ்வளவு செலவாகிறது என்று ஒரு பட்டை காட்டும். அது எல்லைக்கு நன்றாக உள்ளே நிற்கும்வரை டெக்ஸ்ச்சர் தரத்தை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். விளிம்புகளை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏ-வை அணைத்துவிட்டு, அதே வேலையை லேசாகச் செய்யும் எஃப்எக்ஸ்ஏஏ போடுங்கள். புல்லின் தரத்தையும் குறையுங்கள். ஊருக்கு வெளியே கார்டைப் பிழிந்தெடுப்பது அந்தப் புல்தான்! நிழலைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

இப்போது எப்படி ஓட்டினாலும் 60-க்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா? சரி, இனி கண்ட்ரோல் பேனல். 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்' போய், புரோகிராம் செட்டிங்ஸில் இந்த கேமைத் தேர்ந்தெடுத்து, 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்'டை 60 ஆக்குங்கள். கார்டு வீணாக ஓடாது, சூடும் குறையும். பவர் மேனேஜ்மென்ட்டை 'பிரிஃபர் மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்' என்று வைக்கலாம். மற்றதைத் தொட வேண்டாம். யூடியூபில் இருபது செட்டிங் மாற்றச் சொல்வார்கள். அவற்றில் பல வெறும் ஆறுதல்.

சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள், பேட்டரியில் கார்டுக்கு முழு மின்சாரம் கிடைக்காது. இதற்குப் பிறகும் வெட்டினால், 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைப் போடுவது புது கார்டைவிட மலிவு.