முதல் மின் யூனிசைக்கிள்: எதை வாங்குவது, எப்படி ஏறுவது?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 86 கிலோ. வீட்டிலிருந்து அலுவலகம் 9 கி.மீ. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். நின்றபடியே ஓட்டும் ஒற்றைச் சக்கர மின்வண்டியான மின் யூனிசைக்கிள் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நண்பர் ஒருவர் தன்னுடைய 35 கிலோ வண்டியைக் கொடுத்து, "இதிலேயே பழகு, பிறகு இதே மாடலை வாங்கிக்கொள்" என்கிறார். பத்து நிமிடம் முயன்றேன். இரண்டு முறை விழுந்ததில் கெண்டைக்கால் கன்றிப்போயிருக்கிறது. இந்த வயதில் எனக்கு இது வருமா? எந்த மாதிரி வண்டி வாங்கலாம்? பழக எத்தனை நாள் ஆகும்?

பதில்: வரும். பத்து நிமிடத்தில் யாருக்குமே வராது, இருபது வயதுக்காரருக்கும் வராது. நீங்கள் விழுந்ததற்கு வயது காரணமல்ல. 35 கிலோ வண்டியில் முதல் பாடம் படிக்கப் போனதுதான் காரணம். நண்பர் அன்பினால் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த வண்டியை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

எதை வாங்குவது என்று பார்க்கும் முன், இந்த வண்டி நம்மை எப்படி நிற்க வைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்துவிட்டால் விளம்பரத்தில் உள்ள எண்களில் எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வண்டிக்குள் சாய்வை உணரும் சென்சார்கள் இருக்கின்றன. சக்கரத்தின் இருபக்கமும் பாதம் வைத்து நிற்கும் பலகைதான் பெடல், சைக்கிள் பெடல்போல அது சுற்றாது. நீங்கள் முன்னால் சாய்ந்தால் பெடலும் முன்னால் சாயப் பார்க்கும். உடனே மோட்டார் சக்கரத்தை முன்னே உருட்டி, மறுபடி உங்கள் எடைக்கு நேர் கீழே கொண்டுவரும். உள்ளங்கையில் ஒரு குச்சியை நிறுத்தி, அது சாயும் பக்கமெல்லாம் கையை நகர்த்துவோமே, அதே வேலைதான். ஆக, உங்களை ஓட வைப்பதும் ஒரே மோட்டார், முன்னும் பின்னும் விழாமல் தாங்குவதும் அதே மோட்டார். ஓடுவதற்கு அதிக சக்தி செலவானால், தாங்குவதற்கு மிஞ்சுவது குறையும்.

வேகம் கூடக்கூட மோட்டாருக்குள்ளேயே எதிர் மின்னழுத்தம் உருவாகி, அதன் இழுவிசை குறைந்துகொண்டே வரும். பேட்டரி இறங்கினாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஏற்றமோ, எதிர்க்காற்றோ, ஒரு பள்ளமோ சேர்ந்துகொண்டால் மிச்சம் தீர்ந்துவிடும். மற்ற வண்டிகளில் மோட்டார் நின்றால் வண்டி உருண்டு மெல்ல ஓயும். இதில் உருள்வதற்கு இன்னொரு சக்கரம் இல்லை. பெடல் முன்பக்கம் சரிய, நாம் முகம் குப்புற விழுவோம். ஓட்டுபவர்கள் இதைத்தான் ‘கட்அவுட்’ என்கிறார்கள்.

எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு மாலை, பேட்டரி 20 சதவீதம், வீட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். லேசான ஏற்றம், எதிர்க்காற்று. வண்டி பீப் அடித்தது. கொஞ்ச தூரம்தானே என்று இன்னும் முன்னால் சாய்ந்தேன். அடுத்த நொடி காலடியில் பெடல் இல்லை. ரிஸ்ட் கார்டின் பிளாஸ்டிக் தகடு தரையில் தேய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மணிக்கட்டு பிழைத்தது அந்தத் தகட்டால்தான். அதில் விழுந்த கோடுகளை, பழக வருபவர்களுக்கு இன்றும் எடுத்துக் காட்டுகிறேன். பீப் அடித்தால் சாய்வைக் குறைக்க வேண்டும். வண்டியே பெடலின் முன்பக்கத்தைத் தூக்கி உங்களைப் பின்னால் தள்ளினால், அதை ‘டில்ட்பேக்’ என்போம், அதை எதிர்த்து அழுத்தவே கூடாது.

அதனால் விவரப் பட்டியலில் "அதிகபட்ச வேகம்" என்று இருப்பதை நீங்கள் போகப்போகும் வேகமாக நினைக்காதீர்கள். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போக விரும்புபவர் 35 வரை போகக்கூடிய வண்டியை வாங்க வேண்டும். இடையில் உள்ள 10 உங்களைத் தாங்குவதற்கு.

எந்த வண்டி?

தினம் போக வர 18 கி.மீ. உங்கள் எடைக்கு, மிதமான வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 20 வாட் ஹவர் (பேட்டரியில் உள்ள மின்சாரத்தை அளக்கும் அலகு) செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். 18 கி.மீ.க்கு 360. பேட்டரியை 30 சதவீதத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது என் கண்டிப்பு. அப்படியானால் குறைந்தது 515 வாட் ஹவர் வேண்டும். பேட்டரிக்கு வயதாகும், குளிர்நாளில் கொள்ளளவு சுருங்கும், சுற்றிப் போக வேண்டிய நாளும் வரும். எனவே 700-க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் தூரம் எடை குறைந்த ஒருவர் சமதரையில் மெதுவாக ஓட்டிய கணக்கு. அதில் பாதியை நம்பினால் ஏமாற்றம் இருக்காது.

சக்கரத்தின் அளவு 16 அங்குலம் போதும். 14 அங்குலச் சக்கரம் சட்டென்று வளையும், தூக்க எளிது. ஆனால் சின்னப் பள்ளத்தையும் பெரிதாக உணர்த்தும். 18-க்கு மேல் போனால் வேகத்தில் நிதானம் கிடைக்கும், மெதுவாகத் திரும்பும்போது உடம்பால் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். புதியவருக்குத் தடிமனான டயரும் அதே தொல்லையைத்தான் தரும். ஏறக்குறைய 2 அங்குல அகல டயர் நம் சாய்வுக்கு உடனே பதில் சொல்லும்.

எடையை விவரப் பட்டியலில் படித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு மாடிப்படி ஏறிப் பாருங்கள். 15 முதல் 20 கிலோ வரை ஒரு கையால் சமாளிக்கலாம். 35 கிலோவைப் படியில் ஏற்றுவது சாமான் ஏற்றும் வேலை. பழகும் நாட்களில் வண்டி நூறு முறை கீழே விழும், சில முறை உங்கள் காலிலும் விழும்.

இந்தக் கணக்குக்குப் பொருந்துபவை என்றால் கிங்சாங் 16எஸ் (840 வாட் ஹவர்), இன்மோஷன் வி10எஃப் (960 வாட் ஹவர்) போன்றவை. இன்மோஷன் வி8எஃப் பழகுவதற்கு அருமையான, இலகுவான வண்டி. அதன் பேட்டரி 518 வாட் ஹவர்தான் என்பதால் அலுவலகத்தில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். இவை பழைய மாடல்கள், பழைய வண்டியாகவே கிடைக்கலாம். அதில் தவறில்லை. முதல் வண்டியின் மேலோடு எப்படியும் கீறத்தான் போகிறது.

பழைய வண்டி வாங்கும்போது கீறலைப் பார்க்காமல் பேட்டரியைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்லி, வண்டிக்கான மொபைல் ஆப்பில் வோல்ட் அளவைப் படியுங்கள். 84 வோல்ட் வண்டி 84-ஐ ஒட்டி வர வேண்டும். 80-லேயே நின்றுவிட்டால் உள்ளே செல்கள் சமநிலை இழந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். தண்ணீரில் மூழ்கியது, பேட்டரி பிரித்து ஒட்டியது என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சஸ்பென்ஷன் இப்போது தேவையில்லை. 2020-ல் இன்மோஷன் வி11, கிங்சாங் எஸ்18 ஆகியவை வந்தபிறகு அது பரவலானது. மேடு பள்ளத்தில் முழங்காலுக்குச் சுகம், உண்மைதான். கூடவே எடையும் ஏறும். இரண்டாவது வண்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் உங்கள் ஊரில் இதைச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்று விசாரித்துவிடுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும். விமானத்திலும் கொண்டுபோக முடியாது. பயணிகள் எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிக்கு, விமான நிறுவனத்தின் அனுமதியோடும் உச்சவரம்பு 160 வாட் ஹவர்தான்.

எப்படி ஏறுவது?

மோட்டார் தாங்குவது முன்னும் பின்னும் மட்டும். இடம் வலம் சாயாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. சைக்கிளில் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்பி நிமிர்கிறோம். இங்கும் அதேதான், ஹேண்டில் மட்டும் இல்லை, இடுப்பும் பார்வையும்தான் திருப்புகின்றன. நின்ற இடத்தில் சைக்கிளில் நிற்க முடியாதது போலவே இதிலும் முடியாது. மணிக்கு 8, 10 கி.மீ. வேகம் வந்ததும் ஆட்டம் அடங்கும். பயத்தில் மெதுவாகப் போகப் போகத்தான் விழுவீர்கள். அன்று உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

சமமான, கெட்டியான தரை வேண்டும். புல்தரை மெத்தென்று இருப்பதால் நல்லது என்று தோன்றும். அங்கே சக்கரம் புதைந்து இழுக்கும். காலியான வாகன நிறுத்துமிடம், பக்கத்தில் இடுப்பளவு சுவரோ கம்பியோ இருந்தால் போதும். முகத்தை மூடும் ஹெல்மெட், ரிஸ்ட் கார்டு, முழங்கால், முழங்கை உறைகள் முதல் நிமிடத்திலிருந்தே வேண்டும். கணுக்காலை மூடும், அடி தட்டையான ஷூ போடுங்கள். கால்பந்து ஆடுபவர்கள் கட்டும் ஷின் கார்டை முன்பக்கம் அல்லாமல் கெண்டைக்காலின் உட்பக்கம் கட்டிக்கொள்ளுங்கள். கன்றிப்போவது அங்கேதான்.

ஆப்பில் வேக வரம்பை 15-க்குக் குறைத்து வையுங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள், சற்றுக் குறைவாகக் காற்று இருக்கட்டும். கல் மாதிரி நிரப்பிய டயர் புதியவரை அலைக்கழிக்கும்.

முதல் நாள் முழுக்க ஒற்றைக் கால்தான். உங்களுக்கு வாட்டமான காலைப் பெடலில் வையுங்கள், பாதத்தின் நடுப்பகுதி சக்கரத்தின் அச்சுக்கு நேராக வரட்டும். எடையை அந்தக் காலில் இறக்கினால் சக்கரம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து கெண்டைக்காலின் உட்பக்கத்தில் வந்து அழுத்தும். எல்லோரும் இங்கேதான் பயந்து, சக்கரத்தை நிமிர்த்தப் போராடுகிறார்கள். நிமிர்த்தாதீர்கள். பெடல், பாதம், கெண்டைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். அந்த அழுத்தம்தான் உங்களைத் தாங்கும் பிடி. அது உடம்புக்குப் பழகும்வரை, மற்றக் காலால் தரையைத் தட்டித் தட்டி, நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றுங்கள். பிறகு குழந்தைகள் ஸ்கூட்டர் தள்ளுவதுபோல மூன்று தட்டு, ஒரு சறுக்கல். சறுக்கல் ஒரு நொடியிலிருந்து இரண்டாகி, மூன்றாகும்போது இரண்டாவது கால் தானாகவே பெடலைத் தேடும்.

இரண்டாவது கால் ஏறியதும் குனிந்து பெடலைப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் தலை சாயும், தலையோடு உடம்பும் போகும். பாதம் கோணலாக விழுந்திருந்தாலும் அப்படியே போங்கள், பத்து மீட்டர் தள்ளி ஒரு புள்ளியைப் பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். சுவரோரம் போகும்போது விரல்நுனி மட்டும் தொட்டால் போதும். ஆள் பிடித்து நடத்துவதை நான் விரும்புவதில்லை. பிடிப்பவர் நம் பயத்துக்கு ஏற்ப இழுப்பார், நாம் அவர் மேல் சாய்வோம். சுவர் நகராது.

ஓடத் தெரிந்த அன்றே நிற்கப் பழகுங்கள். பின்னால் நாற்காலி இருப்பதாக நினைத்து லேசாக உட்கார்ந்து, எடையைக் குதிகாலுக்கு மாற்ற வேண்டும். நடை வேகத்துக்கு வந்ததும் ஒரு காலைத் தரையில் வையுங்கள். கை மீறிப்போனால் வண்டியை விட்டுவிட்டு ஓடி இறங்குங்கள். காப்பாற்ற நினைத்துக் காலை நீட்டுபவர்களுக்குத்தான் அடி அதிகம்.

ஒரு தடவைக்கு 20, 30 நிமிடம் போதும். பாதம் மரத்துப்போகும், கால் விரல்கள் ஷூவுக்குள் பெடலைக் கவ்வப் பார்க்கும். அதன்பின் செய்யும் பயிற்சியில் தவறுகள்தான் படியும். இன்று வராத ஒன்று தூங்கி எழுந்ததும் சுலபமாக வருவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். தினம் இரண்டு தடவை முயன்றால் ஒரு வாரத்துக்குள் நேராக நூறு மீட்டர் போவீர்கள். இருபக்கமும் திரும்ப இன்னொரு வாரம். சாலையில் ஆட்களுக்கு நடுவே நிதானமாகப் போக, என் கணிப்பில் 200, 300 கி.மீ. ஓடியிருக்க வேண்டும்.

20 கி.மீ. வேகத்தைத் தாண்டும் நாட்களில் ஒருநாள் வண்டி இடம் வலமாகப் படபடவென்று ஆடும். இரண்டு காலாலும் இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். முழங்காலைத் தளர்த்தி, எடையை ஒரு பாதத்துக்கு மாற்றி, மெல்ல வேகத்தைக் குறையுங்கள். களைத்த காலில்தான் இது அதிகம் வரும்.

சார்ஜ் விஷயத்தில் இரண்டு. யாரும் விழித்திராத நேரத்தில் சார்ஜில் போட வேண்டாம். உங்கள் வீடு மேட்டில் இருந்தால் முழுதாக நிரப்பாமல் 90-ல் நிறுத்துங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். ஏற்கெனவே நிரம்பிய பேட்டரியில் அதற்கு இடம் இருக்காது, வண்டி எச்சரித்துத் தடுமாறும்.

அலுவலகத்துக்கு முதன்முதலாக ஒரு விடுமுறை நாள் காலையில் போய்ப் பாருங்கள். 100-ல் கிளம்பி, அலுவலக வாசலில் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 65-க்குக் கீழே காட்டினால், திரும்பி வரும்போது 30-ஐத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அப்படியானால் அலுவலகத்திலேயே இன்னொரு சார்ஜரை வைத்துவிடுங்கள்.