ஐயா கொண்டுவந்த சீன ஜாடியைச் சிங்கப்பூருக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் ஐயா (தாத்தா) பினாங்கில் கடை வைத்திருந்தபோது வாங்கிவந்த சீனப் பீங்கான் பூ ஜாடி ஒன்று வீட்டில் இருக்கிறது. ரோஜா நிற எனாமலில் பூக்கள் தீட்டியது. அதைச் சிங்கப்பூரில் உள்ள என் மகளுக்கு அனுப்ப விரும்புகிறேன். "சீனாவில் செய்ததுதானே, தாராளமாக அனுப்பலாம்" என்கிறார் கூரியர்காரர். தம்பியோ தனக்கும் பங்கு உண்டு என்கிறான். என்ன செய்யலாம்?
- வாசகர், தேவகோட்டை

பதில்: கூரியர்காரர் பேச்சைக் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பார்ப்பதில்லை. கலைப்பொருளோ கைவினைப்பொருளோ, வயது 100 ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால் அது தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 25ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. ஜாடியும் சுங்கத் துறையிடம் போய்விடும். மகள் தன் பெட்டியிலேயே வைத்து எடுத்துப்போனாலும் இதே கதைதான்.

ஆக, தெரிய வேண்டியது வயது. ஐயா வாங்கிய வருடம் அல்ல, ஜாடி சூளையில் வெந்த வருடம். அடிப்பாகத்தில் சீனப் பேரரசர் முத்திரை இருந்தால் அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். முந்தைய பேரரசர்களின் முத்திரையைப் பிற்காலத்தில் போடுவது அங்கே சகஜம். ஆங்கிலத்தில் 'சைனா' என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது, அமெரிக்கச் சுங்க விதிக்காகப் போடத் தொடங்கியது. அப்போதும் 100 வயதைத் தாண்டியிருக்கலாமே! எனவே சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் புகைப்படங்களோடு விண்ணப்பித்து, 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் கேளுங்கள். இதில் துறையின் முடிவே இறுதியானது. சான்றிதழ் கிடைத்தால் அனுப்பலாம்.

அதற்கு முன் தம்பியைச் சரிக்கட்ட வேண்டும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜாடி ஐயாவிடமிருந்து அப்பச்சி (உங்கள் அப்பா) கைக்கு வந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் உங்களுக்கும் தம்பிக்கும் சம பங்கு. அம்மாவும் சகோதரிகளும் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வீட்டுச் சாமான்களைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அசையும் பொருள் என்பதால் பத்திரப் பதிவு தேவையில்லை.

சான்றிதழ் கிடைக்காவிட்டால்? வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. உள்நாட்டில் விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளவும் செய்யலாம். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கேட்பதாக இருந்தால், விலை பேசுமுன் கடைக்காரரிடம் தொல்பொருள் வியாபார உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.