நர்சிங் வகுப்பில் வேதியியல்: மோலுக்கு முன் குளுக்கோமீட்டர்

கேள்வி: டர்பனில் உள்ள நர்சிங் கல்லூரி ஒன்றில் முதலாண்டு வேதியியல் பாடத்தை அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 12 கிரெடிட். மாணவிகளில் பாதிப்பேர் மெட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வில்) வேதியியலே படிக்காதவர்கள். எங்கிருந்து தொடங்குவது? – சாட்ஸ்வர்த் வாசகி

பதில்: சகோதரி, 12 கிரெடிட் என்றால் 120 மணி நேரம். வீட்டுப் படிப்பும் பரீட்சையும் அதற்குள்ளேயே அடக்கம். அதனால் ஆர்பிட்டால், எலக்ட்ரான் அமைப்பு எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டுங்கள்.

முதல் வகுப்புக்கு ரத்தச் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர் ஒன்றைக் கொண்டு போங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் அது 5.5 என்று காட்டும். வீட்டில் பாட்டி பார்க்கும் சென்னை வீடியோவில் டாக்டர் 100 என்கிறார். இரண்டும் ஏறக்குறைய ஒரே சர்க்கரைதான். நாம் மில்லிமோலில், அதாவது மூலக்கூறுகளை எண்ணும் அலகில், எண்ணுகிறோம், அவர்கள் மில்லிகிராமில் நிறுக்கிறார்கள். இது புரிந்தால் மோல் புரிந்த மாதிரி.

நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண். ஆனால் அந்த 18 குளுக்கோஸுக்கு மட்டும்தான். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180, அதாவது ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம். நம் கணக்கு லிட்டருக்கு, அவர்கள் கணக்கு டெசிலிட்டருக்கு. அதனால் பத்தில் ஒரு பங்கு, 18. கொலஸ்ட்ராலின் எடை சுமார் 387, அங்கே 38.7ஆல் பெருக்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளை கொலஸ்ட்ராலுக்கும் 18ஐப் போடும். மூன்று தடவை சொல்லுங்கள், பரீட்சையிலும் கேளுங்கள்.

அப்புறம் செறிவு. 15 சதவீத பொட்டாசியம் குளோரைடு, 10 மில்லி ஆம்பூல்: உள்ளே 1.5 கிராம், அதாவது 20 மில்லிமோல். நீர்க்க வைக்காமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இதைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் தூங்காது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் பாடத்துக்கு மடக்கைக் கணக்கு வேண்டாம், ரத்தம் 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிறது என்றால் போதும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ரெடிமேட் பாடப்பொதி விற்கும் ஆலோசகர்கள் வருவார்கள், அங்கீகாரமும் வாங்கித் தருகிறோம் என்பார்கள். அங்கீகாரம் தருவது நர்சிங் கவுன்சிலும் உயர்கல்வி மன்றமும்தான். நடுவில் நிற்பவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அப்படி ஒரு பொதியைத் திறந்து பார்த்தேன். சர்க்கரை அளவு முழுக்க மில்லிகிராமில்! நம் வார்டில் யார் அப்படி அளக்கிறார்கள்? இதற்குக் கல்லூரி நிர்வாகங்கள் காசு கொடுக்கிறார்கள். ஆனால் நாம் ஒரே ஒரு வரியைத் திருத்தக் கேட்டால் குழு, மேல்குழு, படிவம் என்று இழுக்கிறார்கள்.

இந்த வாரமே பக்கத்து ஆஸ்பத்திரி வார்டு சிஸ்டரிடம் சொல்லி, காலி வாக்கோலிட்டர் (சலைன் ஏற்றும்) பைகளை லேபிளோடு வாங்கி வையுங்கள். 0.9 சதவீதம் என்று போட்ட ஒரு லிட்டர் பையில் எத்தனை கிராம் உப்பு? 9. முதல் பயிற்சிக் கணக்கு அதுவாகவே இருக்கட்டும்.