வாட்ஸப்பில் பேசிப் பேசியே ப்ராஜெக்ட் முடியுமா?

கேள்வி: தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளக்கும் கருவிதான் எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஐந்து பேரும் விடுமுறையில் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். வாட்ஸப் குழுவில் நாள் முழுக்கப் பேசியும் எந்த சென்சார் வாங்குவது என்றுகூட முடிவாகவில்லை, மனஸ்தாபம்தான் மிச்சம்.
– மாணவி, கோவை

பதில்: யாரையும் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குழு வேலையில் தகவல் சொல்வது வேறு, முடிவெடுப்பது வேறு. தகவலுக்கு எழுத்துதான் நல்லது. நிதானமாகப் படிக்கலாம், திரும்பத் தேடி எடுக்கலாம். முடிவெடுக்க, சொன்னதற்கு அந்த நொடியே மறுமொழி வர வேண்டும். காலையில் ஒருவர் கேட்டு, மதியம் ஒருவர் பதில் போட்டு, இரவில் மூன்றாமவர் முதல் கேள்விக்கே திரும்பினால் எப்படி முடியும்?

மனஸ்தாபத்துக்கும் காரணம் உண்டு. ‘சரி, உங்க இஷ்டம்’ என்பதை நேரில் சொன்னால் முகமும் குரலும் பொருள் சொல்லிவிடும். திரையில், படிப்பவரின் மனநிலைதான் அதற்குத் தொனி. மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா, நிஜமா என்று கண்டுபிடிக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரியும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்!

இப்படிச் செய்யுங்கள். முதலில், மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் ஒவ்வொருவரும் சென்சாரின் பெயர், விலை, கிடைக்கும் இடம், அதில் உள்ள குறை ஆகியவற்றை எழுதி ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். அவர் ஒரே ஷீட்டில் தொகுக்கட்டும். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசி, ஒருவருக்கு மட்டும் தெரிந்ததை விட்டுவிடுவது குழுக்களின் பழைய வியாதி. 1985லேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். சாதாரண அல்ட்ராசோனிக் சென்சார் (மேலிருந்து ஒலி அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மட்டத்தை அளப்பது) தொட்டி ஈரத்தில் கெட்டுவிடும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கும். நீர் புகாத வகையில் பல, தமக்கு ஏறக்குறைய 20 செ.மீ.க்குள் வந்துவிட்ட நீர்மட்டத்தை அளக்காது என்று இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே தாளில் வந்தால்தான், சென்சாரைத் தொட்டியின் நிறைமட்டத்துக்கு மேலே எவ்வளவு தூக்கி மாட்டுவது என்ற கேள்வியே எழும்.

ஷீட்டை எல்லோரும் படித்த பிறகு 20 நிமிடம் குரல் அழைப்பு. அழைப்பு முடிந்த கையோடு ‘என்ன வாங்குகிறோம், யார் வாங்குகிறார், எந்தத் தேதிக்குள்’ என்று மூன்றே வரி குழுவில் போட்டு, அந்தச் செய்தியை ‘பின்’ (Pin) செய்துவிடுங்கள். 30 நாள் வரை மேலேயே நிற்கும்.

கேள்வி: ஆன்லைன் கூட்டத்தில் எல்லோரும் கேமரா போட்டே ஆக வேண்டுமா?
– குழுத் தலைவர், திருச்சி

பதில்: முதல் சந்திப்பில் போடுங்கள், முகம் தெரிந்தால் எதிரே ஒரு ஆள் இருக்கிறார் என்ற உணர்வு வரும். ‘சமூக இருப்பு’ என்று 1976 முதல் ஆய்வாளர்கள் பேசிவருவது இதைத்தான். யோசனை தேடும் நேரத்தில் வேண்டாம். வீடியோவில் பேசிய ஜோடிகளுக்கு நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகளே வந்தன என்கிறது 2022இல் வந்த ஓர் ஆய்வு. கண் திரையிலேயே ஒட்டிக்கொள்வதால் மனமும் சுற்றி அலைவதில்லை. வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பின்தங்கவில்லை.

கேமராவைவிட முக்கியம், குரல் வந்துசேரும் வேகம். நேர்ப்பேச்சில் ஒருவர் நிறுத்தியதும் அடுத்தவர் தொடங்க ஏறக்குறைய 200 மில்லிநொடிதான். குரல் ஒருபக்கம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது. 400ஐத் தாண்டினால் இருவர் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள். கூச்ச சுபாவமுள்ளவர் அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டார். இழுவை தெரிந்தால் உடனே வீடியோவை அணையுங்கள், ரூட்டர் பக்கம் நகருங்கள், பெயர் சொல்லி ஒவ்வொருவராகப் பேச அழையுங்கள்.

கேள்வி: எழுத்திலேயே பழகினால் குழுவுக்குள் ஒட்டுதல் வராதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வரும், நாளாகும். நேரில் ஒரு மணி நேரத்தில் தெரிவது எழுத்தில் தெரியப் பல வாரம் பிடிக்கலாம். ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை என்றால் முதல் வாரத்திலேயே ஒருமுறையாவது குரலில் பேசிவிடுங்கள்.