சுரங்கத்தில் படியும் தூசியை அளப்பது எப்படி? – கேள்வி பதில்

நிலக்கரிச் சுரங்கத் தூசி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தரையில் கிடக்கிற தூசியால் என்ன ஆபத்து சார்? காற்றில் பறப்பதுதானே வெடிக்கும்?

கிடக்கிற தூசிதான் அடுத்த நொடி பறக்கப் போகிற தூசி. எங்கோ கொஞ்சம் மீத்தேன் பற்றுகிறது. அந்த வேகத்தில் கிளம்பும் காற்று, படிந்த தூசியைக் கிளப்பிவிடும். பின்னாலேயே வரும் தீ அதைப் பற்றிக்கொள்ளும். அது இன்னும் பெரிய காற்றைக் கிளப்பும். 2010 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர் இறந்தது இப்படித்தான்.

இதற்கு எவ்வளவு தூசி வேண்டும் தெரியுமா? சுமார் 0.12 மில்லிமீட்டர். ஒரு தாளின் கனம், அவ்வளவுதான். அடியில் கல்தூள் ஒழுங்காகப் போட்டிருந்தாலும், மேலே அந்த மெல்லிய கரிப்படலம் இருந்தால் போதும், வெடிப்பு பரவும் என்று அமெரிக்காவில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: கல்தூள் என்றால்?

சுண்ணாம்புக்கல்லை அரைத்த வெள்ளைத் தூள். எரியாது, தீயின் சூட்டை உறிஞ்சிவிடும். அந்த விபத்துக்கு முன்பு, சுத்தமான காற்று உள்ளே வரும் பாதைகளில் படிந்த தூசியில் எரியாத பொருள் 65 சதவீதம் இருந்தால் போதும் என்றிருந்தது அமெரிக்க விதி. இப்போது எல்லாப் பாதைகளிலும் 80.

கேள்வி: கல்தூள் போதுமா என்று சென்சார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிறத்தை வைத்துத்தான். கரி ஒளியை விழுங்கும், சுண்ணாம்பு திருப்பி அனுப்பும். தூசியைச் சலித்து, ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டுக் குலுக்கி, கருவியின் முனையை அதில் அழுத்தினால் அகச்சிவப்பு ஒளி எவ்வளவு திரும்பியது என்று பார்த்துப் பச்சையா (வெடிக்காது) சிவப்பா (வெடிக்கும்) என்று சொல்லிவிடும். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கரி எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு கறுப்பாகத் தெரியும். நைசான கரிக்குத்தான் கல்தூளும் அதிகம் வேண்டும். ஆய்வகத்தில் எரித்துப் பார்க்கும் சோதனை இந்த நைசைக் கணக்கில் எடுப்பதில்லை. அதன் முடிவு வரவும் பல நாள் ஆகும். அதற்குள் புதுத் தூசி படிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, நான் நெய்வேலிக்காரன். எங்களுக்கும் இது பொருந்துமா?

திறந்தவெளிச் சுரங்கத்தில் இப்படி வெடிப்பு ஓடாது தம்பி. ஆனால் மூடிய கன்வேயர் கூடங்களில் கவனம் வேண்டும். நுரையீரலுக்குப் போகும் தூசி வேறு கணக்கு. அதை அளக்க இடுப்பில் மாட்டும் கருவி இருக்கிறது. அமெரிக்காவில் 2016 முதல் அந்தத் தூசிக்கு வரம்பு கன மீட்டருக்கு 1.5 மில்லிகிராம்.

கேள்வி: மாதிரி எடுக்கும்போது செய்யும் பெரிய தவறு எது?

ஆழமாகச் சுரண்டுவது. அடியில் இருக்கிற பழைய வெள்ளைத் தூளும் சேர்ந்து வந்து, மேலே இருக்கும் கறுப்பை மறைத்துவிடும். கருவி பச்சை என்றுதான் சொல்லும். மேல் 3 மில்லிமீட்டரை மட்டும் பிரஷால் மெதுவாக எடுங்கள். கூரையையும் பக்கச் சுவரையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஒட்டியிருப்பதுதான் முதலில் உதிரும்.