மிதக்கும் எண்ணெய்த் துரப்பண மேடையைச் சங்கிலிகள் எப்படி ஒரே இடத்தில் பிடித்து வைக்கின்றன?

நங்கூரம்தான் மேடையைப் பிடிக்கிறது, சங்கிலி வெறும் இணைப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும் வேலையைச் செய்வது சங்கிலியின் எடை.

76 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் செய்த சங்கிலி, மீட்டருக்கு ஏறத்தாழ 126 கிலோ இருக்கும். ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் ஒரு குறுக்குக் கட்டை. சங்கிலி முறுக்கிச் சிக்காமல் அது காக்கிறது. மேடையின் மூலைகளிலிருந்து பொதுவாக 8 முதல் 12 சங்கிலிகள் நாலாபுறமும் விரியும். ஒவ்வொன்றும் வளைந்து தொங்கி இறங்கி, கடைசியில் வெகுதூரம் கடல்தரையிலேயே படுத்துக் கிடக்கும்.

காற்று மேடையைக் கிழக்கே தள்ளுகிறது என்று வையுங்கள். மேற்குப் பக்கச் சங்கிலி தரையிலிருந்து கண்ணி கண்ணியாக எழும்பும். எழும்பிய எடையும் சேர்வதால் இழுவிசை ஏறும். எதிர்ப்பக்கச் சங்கிலி தளரும். இந்த வித்தியாசம்தான் மேடையைத் திரும்ப இழுக்கிறது, ராட்சத ஸ்பிரிங் போல. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது!

தரையில் கிடக்கும் பகுதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: நங்கூரத்தின் மீதான இழுப்பு மேல்நோக்கித் திரும்பாமல் பார்த்துக்கொள்வது. மண்ணைக் கவ்வும் நங்கூரத்தைப் படுக்கைவாட்டில் இழுத்தால் இன்னும் ஆழமாகப் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் சங்கிலியின் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது.

மேடை அசையவே அசையாது என்றில்லை. கிணற்றோடு இணைக்கும் ரைசர் குழாய் அதிகம் சாயாதபடி, நீரின் ஆழத்தில் சில சதவீதத்துக்குள் நகர்வை அடக்கினால் போதும். மிக ஆழத்தில் சங்கிலியின் எடையே மேடைக்குப் பாரமாகிவிடும். அங்கே நடுப்பகுதிக்கு எஃகு வடமோ பாலியஸ்டர் கயிறோ போடுவார்கள்.