லாயத்துக் கேள்விகள்

கேள்வி: நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. விந்து எடுக்கக் கூட்டிப் போகும்போது எங்கள் பொலிகுதிரை என் தோளைக் கடிக்க வருகிறது, முன்காலைத் தூக்கி அடிக்கிறது. மற்ற நேரத்தில் சாது. "சவுக்கால் நாலு போடு, அடங்கிவிடும்" என்கிறார் கூட வேலை செய்பவர். அம்மா வேலையை விடச் சொல்கிறார். என்ன செய்யலாம், ஐயா?
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, சவுக்கைத் தொடாதீர்கள். மற்ற நேரத்தில் சாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எப்போது வேலை, எப்போது சும்மா நடை என்று அதற்குத் தெரியவில்லை. அதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

விந்து எடுக்கும் நாளுக்கென்று தனிக் கடிவாளம் வையுங்கள். மேய்ச்சலுக்குப் போக சாதாரண ஹால்டர் (தலையில் மாட்டும் பட்டை), இந்த வேலைக்கு மட்டும் செயின் போட்ட கடிவாளம். நான் பார்த்துக்கொண்ட ஒரு குதிரை, அந்தச் செயின் சத்தம் கேட்டாலே கனைக்கும். சாதாரண ஹால்டர் போட்டால் பெட்டைகளைத் தாண்டிப் பேசாமல் நடக்கும். இடமும் மாறக் கூடாது: அதே கொட்டகை, பெட்டைக்குப் பதிலாக அது ஏறும் அதே பொம்மை, வழுக்காத தரை.

நீங்கள் நிற்க வேண்டியது அதன் இடது தோள் பக்கம். முன்னால் நிற்கவே கூடாது, முன்கால் வீச்சு அங்கேதான் வரும். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஸூலு பெரியவர். லாயக் கதவைத் திறக்குமுன் மெதுவாகப் பேசிவிட்டுத்தான் திறப்பார். கடிக்க வந்தால் அந்த நொடியே கயிற்றை ஒரு சுண்டு, நாலடி பின்னால் நடத்துங்கள், அதோடு விட்டுவிடுங்கள். அரை நிமிடம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. அடி வாங்கிய குதிரை பிறகு பொம்மையில் ஏறாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். சில குதிரைகள் ஆளையே தாக்க ஆரம்பித்துவிடும்.

விந்து பிடிக்கும் குழாயின் சூட்டையும் பாருங்கள். குதிரை ஏறும் நேரத்தில் உள்ளே 44 முதல் 48 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், வெப்பமானி வையுங்கள். சுட்டுவிட்டால் அடுத்த முறை நம்பாது. முன்னதாகக் குதிரையின் குறியைக் கழுவுவது வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் போதும். சோப்பு போட்டுத் தேய்த்தால் நல்ல கிருமிகள் போய்க் கெட்ட கிருமிகள் குடியேறும். அப்புறம் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், தண்ணீர் பட்டால் விந்து கெட்டுப்போகும். வால் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தால் விந்து வருகிறது என்று அர்த்தம். அப்போது யாரும் அசையக் கூடாது.

குதிரை இறங்கும் நேரத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்குத் திருப்தி வராது. பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை, நேரடிச் சேர்க்கைதான். அப்படி ஒரு பண்ணையில் எல்லோரும் இடது பக்கம் நிற்க, நான் மட்டும் வலது பக்கம் நின்றேன். பொலிகுதிரை இறங்கியதும் பெட்டையின் தலையை இடது பக்கம் இழுத்தார்கள். அதுதான் சரி, அதன் பின்பாகம் ஆட்களை விட்டு விலகிப் போகும். அன்று அது என் பக்கம் வந்தது. ஒரே உதை, இடது கால் எலும்பு முறிந்தது. எட்டு வாரம் கட்டு. ஆகவே உங்கள் பண்ணையில் பெட்டையை முன்னால் நிறுத்தினாலும் சரி, பொம்மைதான் என்றாலும் சரி, எல்லோரும் ஒரே பக்கம் நில்லுங்கள்.

இங்கே செப்டம்பரில் சீசன் தொடங்கினால் வாரத்தில் பல முறை எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் மேலாளரிடம் தனிக் கடிவாளம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், சவுக்குதான் வழி என்று அவரும் சொன்னால், அம்மா சொல்வதைக் கேளுங்கள் தம்பி, வேறு பண்ணை பாருங்கள்.